நான்காவது கட்டம்

ஜொலீசா டேட்டத்துக்குக் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். மெரோ கிரீக் ஊரின் கிழக்குப் பக்கத்தில் யாருக்கு எந்த விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தாலும் அவளைத்தான் தேடி வருவார்கள். கோழி ஆலையில் காலையிலிருந்து இறக்கை வெட்டி விரல்கள் விறைத்துப்போய் வருகிறவளுக்கு, சமையலறை மேசையில் பேனாவைப் பிடித்தால் மட்டும் ஒரு எழுத்துக்கூடக் கோணாது. "உனக்கு இந்தக் கை எங்கேர்ந்துடி வந்துச்சு?" என்று கேட்பார் அவள் அப்பா கிளீவன். அவர் கையெழுத்தைப் பார்த்தால் கோழி கிளறின மாதிரி இருக்கும்.

அவளுக்குப் பதினெட்டு முடிந்து முதல் ஓட்டுப் போடப் போன அன்று, பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கின் கதவில் பூட்டுத் தொங்கியது. கிழக்குப் பக்கத்துக் கறுப்பர்கள் அத்தனை பேரும் ஆண்டாண்டாக ஓட்டுப் போட்ட இடம் அது. கதவில் ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். இனிமேல் பதினோரு மைல் தள்ளி, ஷெரீப்பின் காவல் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் போய் ஓட்டுப் போட வேண்டுமாம். கார் இருந்தவர்கள் போனார்கள். பள்ளிச் சமையல்காரியாக இருந்து ஓய்வு பெற்ற மிஸ் யூலா, ஞாயிற்றுக்கிழமை தொப்பியும் கையுறையுமாக வந்தவர், அந்தத் தாளை இரண்டு தடவை படித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தார். அந்தத் தொப்பி முக்குத் திரும்பி மறையும் வரை ஜொலீசா பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அந்தக் கோபத்தில் ஆரம்பித்ததுதான் மற்றதெல்லாம். அவளும், பெட்ரோல் பங்கில் வேலை பார்த்த மார்க்விஸும், இன்னும் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். சனிக்கிழமைதோறும் தேவாலயத்து முற்றத்தில் கெளுத்தி மீன் பொரிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு மேசையைப் போட்டுக்கொண்டு வாக்காளர் பட்டியலில் ஆள் சேர்த்தார்கள். மீன் வாங்க வருகிறவன் மேசையைத் தாண்டாமல் போக முடியாது. "அண்ணே, மீன் ஆற அஞ்சு நிமிஷமாகும், கையெழுத்துப் போட ரெண்டு நிமிஷம்தான்" என்று மார்க்விஸ் மறிப்பான். நான்கு வருடத்தில் அறுநூற்றுப் பன்னிரண்டு பேரைச் சேர்த்தார்கள். மிஸ் யூலாவுக்கு விலாசம் மாறியபோது அவர் பெயரைப் புதுப்பித்ததும் இதே மேசையில்தான். அறுநூற்றுப் பன்னிரண்டில் பாதிக்கு மேல் ஜொலீசா தன் கையால் நிரப்பியவை.

இத்தனை பேரைச் சேர்த்தவளுக்குச் சொந்த வீட்டில் ஒரு ஓட்டு இல்லை என்பது முள்ளாகக் குத்தியது. கிளீவன் இருபத்தெட்டு வயதில் ஒரு சண்டையில் ஒருவனின் தாடையை உடைத்துவிட்டு ஆறு வருடம் சிறையில் இருந்தவர். வெளியே வந்த பிறகு நன்னடத்தைக் காவல். அப்படிப்பட்டவனை எங்கள் பக்கத்தில் 'பேப்பரில் இருக்கிறான்' என்போம். மாதாமாதம் அதிகாரியிடம் முகம் காட்ட வேண்டும், மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது.

அந்த வருடம் பள்ளிக் குழுத் தேர்தல் வந்தது. கிழக்குப் பக்கத்துப் பள்ளியையே மூடிவிடலாம் என்று பேச்சு. எங்கள் ஆள் ஜெயித்தால் பள்ளி தப்பும். பெயர் சேர்க்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் தான் வேலை பார்க்கும் டயர் கடையிலிருந்து கரிக் கையோடு மீன் வாங்க வந்த அப்பாவை ஜொலீசா பிடித்து உட்கார வைத்தாள்.

"எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நான் பேப்பர்ல இருந்தவன்."

"இருந்தவன்னு நீயே சொல்றியேப்பா. இப்ப இல்லல்ல? ஆபீசரைக் கடைசியா எப்பப் பாத்த?"

"அது ஆச்சு அஞ்சு வருசம். 'இனிமே நீ வர வேண்டாம் கிளீவன்'னு அந்தம்மாவே சொல்லிட்டாங்க."

"அப்புறமென்ன? முடிஞ்சு போச்சு."

மார்க்விஸ் வழக்கமாக எல்லாவற்றுக்கும் சிரிப்பவன், அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஜோ, எதுக்கும் ஒரு தடவை கேட்டுப் பாத்துரலாமே" என்றான்.

"கேட்டுப் பதில் வர ரெண்டு மாசம் ஆகும்டா. நாளன்னிக்குக் கடைசி நாள். அனுப்புவோம். தகுதி இல்லன்னா அவங்களே அட்டை அனுப்ப மாட்டாங்க. பாத்துத்தானே அனுப்புவாங்க?"

அந்த நம்பிக்கைக்காக அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான் நம்பினோம். அரசாங்கம் எங்களுக்கு எதையும் சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை. ஆகவே கொடுத்தால், ஒன்றுக்கு நான்கு தடவை சரிபார்த்துத்தான் கொடுத்திருக்கும் என்று எண்ணம். அதிகாரியிடம் போகத் தேவையில்லை என்பதும் தண்டனை முடிந்தது என்பதும் வேறு வேறு என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கிளீவனுக்கு ஆள் பார்க்கும் காவல்தான் முடிந்திருந்தது. தாளில் அவருக்கு இன்னும் இருபது மாதத் தண்டனை பாக்கி.

கண்ணாடியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் அவர். கையெல்லாம் கரி. ஜொலீசா ஒவ்வொன்றாக வாசித்து அவளே நிரப்பினாள். குடிமகனா, பதினெட்டு வயதா, இந்த மாவட்டத்தில் குடியிருப்பா. நான்காவது கட்டம்: குற்றத்துக்கான தண்டனை எதையும் நான் இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கவில்லை. "சரிதானேப்பா?" என்று கேட்டாள். "சரிதான்" என்றார். அவள் டிக் போட்டாள். அவர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கோழி கிளறின மாதிரி ஒரு கையெழுத்தைப் போட்டார்.

மூன்றாம் வாரம் வாக்காளர் அட்டை வந்தது. மனுஷன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, டயர் கடைக்கு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். தேவாலயப் பேருந்தில் ஏறிப் போய் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார். தேர்தலுக்கு அடுத்த ஞாயிறு, முதல் தடவையாக ஓட்டுப் போட்டவர்களை எழுந்து நிற்கச் சொல்லி பாஸ்டர் பெயர் கூப்பிடுவது எங்கள் வழக்கம். பதினெட்டு வயசுப் பிள்ளைகள் எட்டுப் பேருக்கு நடுவே நாற்பத்தொன்பது வயசு கிளீவன் டேட்டம் எழுந்து நின்றார். சட்டையில் 'நான் ஓட்டுப் போட்டேன்' ஒட்டுச்சீட்டு. "லேட்டா வந்தாலும் நம்ம கிளீவன் காலேஜுக்கு வந்துட்டார்" என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கத்த, தேவாலயமே சிரித்துக் கை தட்டியது. ஜொலீசா அன்று சந்தோஷத்தில் அழுதாள்.

எங்கள் ஆள் பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தார். அதுதான் வினையாக முடிந்தது. தோற்றவர்கள் பட்டியல் முழுவதையும் சரிபார்க்கச் சொல்லி மனுக் கொடுத்தார்கள். தேடினால் கிடைக்காமலா போகும்? தண்டனை முடியாதவர்கள் என்று ஏழு பெயர் வந்தது. ஏழும் கிழக்குப் பக்கத்துப் பெயர்கள். அதே தேடலில், செத்துப்போன மனைவியின் வாக்குச்சீட்டைத் தானே நிரப்பித் தபாலில் அனுப்பிய வெண்டல் கிரேடியும் சிக்கினார். மேற்கே நூறு ஏக்கரில் நிலக்கடலை போடும் வெள்ளைக்காரர் அவர். அவருக்கு ஒரு கடிதம் போனது, துக்கத்தில் நேர்ந்த தவறு, இனிமேல் கவனமாக இருக்கவும் என்று. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். ஏழு பேருக்குக் கடிதம் வரவில்லை. கைவிலங்கு வந்தது.

ஏப்ரல் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகலில் டயர் கடைக்குள் வந்த காவலர் கிளீவனோடு பள்ளியில் பந்து விளையாடியவர்.

"கிளீவ், கையைப் பின்னால கொண்டு வாப்பா. எம்மேல கோவிச்சுக்காத."

"என்ன பண்ணேன்?"

"ஓட்டுப் போட்டியாமே."

"போட்டேன். நீயும்தானே போட்ட?"

காவலர் விலங்கை மாட்டினார். கிளீவன் அப்புறமும் சட்டைப் பையைத் தாடையால் காட்டி, "அட்டை இருக்கு, எடுத்துப் பாரு, அவங்களேதான் அனுப்பினாங்க" என்று சொல்லிக்கொண்டே போனாராம். அந்த அட்டையையும் சான்றாக எடுத்துவைத்துக்கொண்டார்கள்.

கைதான மூன்றாம் நாள், வக்கீல் யாரென்று தெரிந்ததுமே ஜொலீசா, ஆலை உடுப்போடு, தலைவலையைக்கூடக் கழற்றாமல், அப்பாவுக்காக வாதாட அரசு அமர்த்திய மிஸ்டர் பேட்டர்னாஸ்டரிடம் ஓடினாள். ஒரே அறையில் நூறு வழக்குக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த மனிதர் அவர். பாவம், கெட்டவர் இல்லை.

"அந்த டிக் போட்டது நான் சார். அப்பா இல்ல. கோர்ட்ல வந்து சொல்றேன்."

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாத. நீ சொன்னா உங்கப்பா வெளிய வர மாட்டார், நீயும் உள்ள போவ. கையெழுத்து அவரோடது. பொய்யா நிரப்பிக் கொடுத்தேன்னு உம்மேல தனியா ஒரு கேஸ். அப்புறம் நீ நிரப்பின ஒவ்வொரு தாளையும் தோண்டுவாங்க. முன்னூறு வீட்டுக் கதவைத் தட்டுவாங்கம்மா."

"அப்ப நான் சும்மா உக்காந்திருக்கவா?"

"அவர் குத்தத்தை ஒத்துக்கிட்டா ரெண்டு வருசம். விசாரணைன்னு போனா உன்னைக் கூண்டுல ஏத்துவாங்க. அவர் முடிவு பண்ணிட்டார். நேத்தே சொல்லிட்டார்."

சிறைக்குப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு அவள் கெஞ்சினாள். கிளீவன் காதில் வாங்கவே இல்லை. "எனக்கு ஜெயில் தெரியும் ஜோ. உனக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். போய்ச் சாப்பிடு, மெலிஞ்சுட்ட" என்றார். அவள் கத்தினாள். அவர் தொலைபேசியை மெதுவாகக் கொக்கியில் மாட்டினார்.

நீதிமன்றத்தில் மொத்தம் ஒன்பது நிமிடம். ஜொலீசா இரண்டாவது பெஞ்சில், மார்க்விஸ் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான். நீதிபதி தாளைத் தூக்கிக் காட்டி, "நான்காவது கட்டத்தில் இருக்கும் இந்தக் குறி உங்களுடையதா?" என்று கேட்டார். யார் பார்த்தாலும் தெரியும். அழகான, சின்ன, ஒரே வீச்சில் போட்ட டிக். கீழே இருக்கும் கையெழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

"என்னோடதுதான் ஐயா" என்றார் கிளீவன்.

உண்மை தொண்டை வரை வந்து நின்றது, ஜொலீசா விழுங்கிவிட்டாள். அவள் இடத்தில் நான் இருந்திருந்தாலும் விழுங்கித்தான் இருப்பேன். ஆனால் அப்படிச் சொல்லி யாராலும் அவளைத் தேற்ற முடியவில்லை. அன்றிலிருந்து அவள் ஆலைக்குப் போனாள், வந்தாள், தூங்கினாள். யாராவது மின்சார விண்ணப்பத்தோடு வந்தால், கை வலிக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். மாதம் ஒரு தடவை நாலு மணி நேரம் பேருந்தில் போய் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு தடவையும் மேசையைப் பற்றித்தான் கேட்டார். "சனிக்கிழமை மேசை போடுறியா? விட்டுறாத. விட்டா நான் உள்ள இருக்கிறதுக்கு அர்த்தமே இல்ல."

அதற்காகவே அக்டோபரில் மறுபடி மேசை போட்டாள். அடுத்த வருடத் தேர்தலுக்குப் பெயர் சேர்க்க வேண்டும். பக்கத்தில் மீன் வழக்கம்போல் பொரிந்தது. ஆட்கள் வந்தார்கள், மீனை வாங்கிக்கொண்டு மேசையைச் சுற்றிப் பின்பக்கமாகப் போனார்கள். "அண்ணே, ரெண்டு நிமிஷம்" என்று மார்க்விஸ் கூப்பிட்டால், செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். மூன்று சனிக்கிழமையில் ஒரே ஒரு பெயர்கூடச் சேரவில்லை.

நான்காவது சனிக்கிழமை மிஸ் யூலா வந்தார். அதே ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி, அதே கையுறை. பின்னால் இன்னும் இரண்டு பேர். மார்க்விஸ் துள்ளி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"வாங்க மிஸ் யூலா! நீங்களாவது வந்தீங்களே."

அவர் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஜொலீசா, என் பேரை எடுத்துரும்மா" என்றார்.

"எதுலேர்ந்து?"

"பட்டியல்லேர்ந்துதான். அதுக்கும் ஒரு தாள் இருக்காமே. கோர்ட்டுக்குப் போய்க் கேட்க என்னால ஆகாது. உங்கிட்ட இருக்கும்னு சொன்னாங்க."

"மிஸ் யூலா, நீங்க வாழ்நாள்ல ஒரு எறும்பைக்கூட மிதிச்சதில்ல. உங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. உங்க பேர் சுத்தமா இருக்கு. நான் சொல்றேன்ல?"

மிஸ் யூலா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். கையுறைக் கையை நீட்டி ஜொலீசாவின் கையைத் தொட்டார்.

"உங்கப்பாகிட்டயும் இதத்தானே கண்ணு சொன்ன."

மார்க்விஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஜொலீசா அட்டைப் பெட்டியின் அடியில் கட்டாகக் கிடந்த நீக்கல் படிவங்களில் ஒன்றை உருவினாள். இத்தனை வருடத்தில் அந்தக் கட்டை ஒருவரும் பிரித்ததில்லை. பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் முத்துமுத்தாக எழுதினாள். கடைசியில் காரணம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன.

"வேற ஊருக்குக் குடி போறது, மரணம், சொந்த விருப்பம்" என்று வாசித்தாள்.

"பயத்துக்குக் கட்டம் இல்லையா?"

"இல்ல மிஸ் யூலா."

"அப்ப விருப்பம்னே போட்டுரு."

ஜொலீசாவின் பேனா அந்தக் கட்டத்துக்கு மேல் வந்து நின்றது. பிறகு அவள் தாளைத் திருப்பி, பேனாவை மிஸ் யூலாவின் பக்கம் நீட்டினாள்.

"அதை மட்டும் நீங்களே போட்டுருங்க."

கிழவி கையுறையைக் கழற்றிவிட்டு, ஒரு கோணல் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டார். அவர் எழுந்ததும் பின்னால் நின்றவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.