சைக்கிள் தெரியும் என்று சொன்னேன்

ஹூஸ்டனில் மருத்துவமனைகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதியில், ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் பிற்பாதியில், ஒரு ஜனவரி மாதத்து மதியம், எங்கள் மாடியின் ஹெட் நர்ஸ் சாப்பாட்டுத் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். அறுபத்திரண்டு வயது அமெரிக்கப் பெண்மணி. ஆகஸ்டில் ஓய்வு பெறப்போகிறவர். ஓய்வு பெற்றதும் தன் தங்கையோடும் பள்ளித் தோழி ஒருத்தியோடும் பிரான்சுக்குப் போய், பர்கண்டி என்ற பகுதியில் ஆறு நாள் சைக்கிளில் சுற்றப்போவதாகச் சொன்னார். பெட்டிகளை ஒரு வேன் தூக்கிக்கொண்டு வரும். நாளுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். நின்று நின்று, பார்த்துப் பார்த்துப் போகலாம். நாலாவது ஆளாக வருவதாக இருந்தவர் வர முடியவில்லை.

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும்" என்றேன்.

தெரியாது. எனக்கு அப்போது நாற்பத்தோரு வயது. ஈரோட்டில் எங்கள் வீட்டில் சைக்கிள் இருந்தது, அண்ணன் ஓட்டினான். நான் ஓட்டக்கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, ஓட்டுகிறாயா என்று யாரும் கேட்கவும் இல்லை. அந்த மதியம் முதல் தடவையாக ஒருவர் கேட்டார். இல்லை என்று சொன்னால் அவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய் வேறு யாரையாவது கேட்பார் என்று தோன்றியது. அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

அன்று சாயங்காலம், ஹூஸ்டனை ஒட்டி நாங்கள் குடியிருந்த சுகர் லேண்டில், சாப்பிடும்போது என் கணவரிடம் சொன்னேன்.

"ஏங்க, செப்டம்பர்ல நான் பிரான்ஸ் போறேன்."

"ஆபீஸ் ட்ரிப்பா?"

"இல்லீங்க. சைக்கிள் ஓட்ட."

அவர் ரசக் கரண்டியைக் கீழே வைத்தார். "உனக்குத்தான் சைக்கிளே ஓட்டத் தெரியாதே."

"எட்டு மாசம் இருக்குதுல்லங்க."

"யாரு சொல்லிக் குடுப்பாங்க?"

"நீங்கதான்."

பத்து வயது மகள் சிரித்துச் சிரித்து மோர் புரையேறிப் போனாள். கணவர் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை காலைல ஆறரைக்கு ரெடியா இரு. வெயில் ஏறிட்டா என்னால ஓட முடியாது" என்றார்.

மகள் படித்த பள்ளியின் பார்க்கிங்கில் கற்றுக்கொண்டேன். துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிட்டு, ட்ராக் பேன்ட் போட்டு, தாலியை உள்ளே தள்ளிப் பின் குத்திக்கொண்டேன். கணவர் சீட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வருவார். மகள் புல்லில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, டோன்ட் லுக் அட் தி வீல்" என்று அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்வாள். கோயிலில் ஒரு ஆன்டி இதைக் கேள்விப்பட்டு, "இந்த வயசுல விழுந்து இடுப்ப ஒடிச்சிக்கிட்டா லீவ் போட்டு யாரும்மா பாத்துப்பாங்க?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அடுத்த சனிக்கிழமையே விழுந்தேன். சக்கரம் சிமென்ட் விளிம்பில் மோதி, முழங்கை சிராய்த்து, மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

திங்கட்கிழமை கட்டோடு வேலைக்குப் போனேன். ஹெட் நர்ஸ் அதைப் பார்த்த பிறகு மறைக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன். அவர் என் கட்டைப் பிரித்து, அதைக் கட்டியவர் யார் என்று முகம் சுளித்து, தானே புதிதாகக் கட்டிக்கொண்டே சொன்னார்: "ஜனவரியில் சொன்னது பொய். செப்டம்பரில் அது பொய்யாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான்."

மார்ச்சில் யாரும் பிடிக்காமல் ஓட்டினேன். மே மாதம் பத்து மைல் போனேன். அப்போதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. பயண ஏற்பாட்டாளர்கள் அனுப்பிய தாளில், பர்கண்டி முழுக்க மெல்லிய ஏற்ற இறக்கங்கள் என்று எழுதியிருந்தது. சுகர் லேண்டில் மேடு என்று ஒன்று கிடையாது. தோசைக்கல் மாதிரி ஊர். பந்தை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.

ஹெட் நர்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் மருத்துவமனையின் பார்க்கிங் கட்டடம் எட்டு மாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால்வாசி காலி. காவலரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். கணவர் சைக்கிளை டிக்கியில் போட்டு, ஃப்ரீவே என்ற வேகச்சாலையில் என்னைக் கூட்டிக்கொண்டு வருவார். நான் சரிவுப் பாதையில் வளைந்து வளைந்து எட்டாவது மாடி வரை மிதிப்பேன். இறங்கும்போது கார் எதிரில் வந்துவிடும் என்று அவருக்கு பயம். "எறங்கறப்ப மட்டும் லிஃப்ட்ல வந்துரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சைக்கிளோடு லிஃப்டில் கீழே வருவேன், மறுபடி மிதிப்பேன். ஜூலை வெக்கையில் ஐந்து தடவை ஏறிய நாளில் தலை சுற்றிப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கணவர் தண்ணீரைக் கொடுத்தார். ஆறாவது தடவை ஏறிய பிறகுதான் வீட்டுக்குப் போனோம்.

பர்கண்டிக்குப் போன முதல் நாளே தெரிந்துவிட்டது, நான் பாதிப் பாடம்தான் படித்திருக்கிறேன் என்று. ஏற்றம் என்னைப் படுத்தவில்லை. திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் சாலை மெதுவாக எழும்பும். கியரைக் குறைத்துக்கொண்டு மிதித்தால் மேலே போய்விடலாம். மேலே நின்றால் பச்சையும் மஞ்சளுமாக நிலம் அலை அலையாக விரிந்து கிடக்கும். வெள்ளை வெளேரென்று மாடுகள் படுத்திருக்கும். எனக்கு பயம் தந்தது இறக்கம். வாழ்க்கையில் ஒரு சரிவிலும் நான் சைக்கிளில் இறங்கியதில்லை. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நடப்பதைவிட மெதுவாக இறங்கினேன். சாயங்காலம் விடுதியில் விரல்கள் மடங்க மறுத்தன. மற்ற மூவரும் இறக்கத்தின் அடியில் காத்திருந்து காத்திருந்து ரொட்டி முழுவதையும் தின்று தீர்த்திருந்தார்கள்.

அதனால்தான் நாலாம் நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, நீங்கள் முன்னால் போங்கள், நான் பின்னால் வருகிறேன் என்று அவர்களை அனுப்பினேன். கையில் வழித்தாள் இருந்தது. கல் சிலுவை நிற்கும் இடத்தில் இடது பக்கம் திரும்பு என்று அதில் போட்டிருந்தது. சிலுவை வந்தது, திரும்பினேன். அதற்கு ஒரு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சிலுவை இருந்தது எனக்குத் தெரியாது. நீண்ட இறக்கம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, அடிவாரத்துக்கு வர வெகுநேரம் ஆயிற்று. அங்கே இருந்த ஊர்ப் பலகையில் எழுதியிருந்த பெயர் என் தாளில் எங்கேயும் இல்லை.

முதல் வீட்டு வாசலில் ஒருவர் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். நாங்கள் தங்க வேண்டிய ஊரின் பெயரைச் சொன்னேன். நான் சொன்ன விதத்தில் அவருக்குப் புரியவில்லை. தாளைக் காட்டினேன். அவர் மனைவியைக் கூப்பிட்டார். இருவரும் தாளைப் பார்த்தார்கள், மலைச் சாலையைப் பார்த்தார்கள், கடைசியில் என்னைப் பார்த்தார்கள். அவர் தாளின் பின்பக்கம் படம் போட்டார். வந்த மேட்டிலேயே திரும்ப ஏறி, சிலுவை தாண்டி, இன்னொரு மேடு ஏறி, வலது பக்கம். கீழே பெரிதாக, கிலோமீட்டர் கணக்கில், 14 என்று எழுதினார். பிறகு கொட்டகையில் நின்ற தன் வேனைக் காட்டி, சைக்கிளைத் தூக்கிப் போடுகிற மாதிரி சைகை செய்தார். அந்த அம்மாள் என் தாளிலிருந்த விடுதி நம்பருக்கு உள்ளே போய் போன் செய்து, நான் அங்கே இருப்பதைச் சொல்லிவிட்டு வந்தார்.

வேனில் ஏறியிருக்கலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். வேனைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான், சுகர் லேண்டில் நான் இருந்த விதம் நினைவுக்கு வந்தது. பக்கத்துக் கடைக்கும் கோயிலுக்கும் கார் ஓட்டுவேன், ஆனால் ஃப்ரீவேயில் ஏற மாட்டேன். வேலைக்கு பஸ், மற்ற எல்லாவற்றுக்கும் கணவர். இத்தனை வருடமும் போக வேண்டிய இடத்துக்கு யாராவது என்னைக் கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அன்பாகத்தான் விட்டார்கள். இந்த மனிதரும் அன்பாகத்தான் கேட்கிறார்.

தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். என் பாட்டிலில் தண்ணீர் நிரப்பித் தரச் சொல்லி நீட்டினேன். அந்த அம்மாள் தண்ணீரோடு இரண்டு ஆப்பிளும் கொண்டுவந்து என் பையில் போட்டார்.

மேடு பார்க்கிங் கட்டடம் மாதிரி இல்லை. அங்கே எட்டு மாடிக்கு மேல் மொட்டைமாடி வந்துவிடும். இங்கே ஒரு வளைவு தாண்டினால் அடுத்த வளைவு. எதிர்க்காற்று வேறு. லேபில் ரத்தத்தின் வெள்ளை அணுக்களை நூறு வரைக்கும் எண்ணுவது என் அன்றாட வேலை. அதே மாதிரி மிதியை நூறு வரைக்கும் எண்ணினேன். நூறானதும் மறுபடி ஒன்று. பாதி மேட்டில் தொடை நடுங்கி, சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காலை ஊன்றி இறங்கிவிட்டேன். அழுகை வந்தது. ஆப்பிளைக் கடித்துக்கொண்டே அழுதேன். சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு மட்டும் மெனக்கெட்டு எழுந்து வந்து பார்த்தது. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு நடந்தேன். சாலை சற்றுத் தணிந்த இடத்தில் மறுபடி ஏறி உட்கார்ந்து, ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.

சிலுவையைத் தாண்டி இரண்டாவது மேட்டின் உச்சிக்கு வந்தபோது எதிரில் எங்கள் வேன் வந்தது. ஓட்டிவந்தவர் எங்கள் வழிகாட்டி, பிரெஞ்சு இளைஞர். பக்கத்தில் ஹெட் நர்ஸ். வழிகாட்டி இறங்கி வந்து, இன்னும் ஐந்து கிலோமீட்டர் இருக்கிறது, வெளிச்சம் குறைகிறது, சைக்கிளைக் கொடுங்கள் என்று கையை நீட்டினார்.

நான் கைப்பிடியை விடவில்லை. ஹெட் நர்ஸ் இறங்கவில்லை. ஜன்னல் வழியாக என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு நோயாளி எழுந்து நடக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிற பார்வை அது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"தண்ணீர் இருக்கிறதா?"

"இருக்கிறது."

"மேலே போட்டுக்கொள்ள ஏதாவது?"

"பையில் ஸ்வெட்டர் இருக்கிறது."

"சரி. சாப்பாட்டு மேஜையில் பார்க்கலாம்" என்றார். பிறகு வழிகாட்டியிடம், "வண்டியைத் திருப்பு" என்றார்.

அவர் தயங்கித் தயங்கித்தான் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு முன்னால் இருந்தது இறக்கம். வளைந்து வளைந்து போகிற இறக்கம். பிரேக்கை இறுக்கிக்கொண்டே இறங்கினால் இருட்டிவிடும் என்று தெரிந்தது. அதனால் நேரான இடங்களில் விரல்களைத் தளர்த்தினேன். காற்று காதில் இரைந்தது. வளைவு வந்தால் பிடித்தேன், மறுபடி விட்டேன். எந்த இடத்தில் பயம் போயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். பயத்தோடேயே இறங்கி வந்துவிட்டேன்.

விடுதிக்குள் நுழைந்தபோது மேஜையில் விளக்கு போட்டிருந்தார்கள். எனக்காக மாமிசம் சேர்க்காமல் உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் போட்டுச் சுட்ட ஒரு பண்டம் செய்து வைத்திருந்தார்கள். நான்கு பேர் சாப்பிடுவதை நான் ஒருத்தியே சாப்பிட்டேன். பள்ளித் தோழி எண்ணிக்கொண்டிருந்தார். யாரும் கைதட்டவில்லை. ஹெட் நர்ஸ் ரொட்டிக் கூடையை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் மதியம் வழியில் ஒரு ஊரின் போன் பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். அங்கே அப்போது காலை.

"எப்படி இருக்கே? முடிஞ்சுதா?" என்றார் கணவர்.

"இன்னிக்கும் நாளைக்கும் இருக்குதுங்க. கால் ரெண்டும் மடக்க முடியல."

"அப்பறம் பேசாம வேன்லயே வந்துர வேண்டிதான?"

"இல்லீங்க, ஓட்டிட்டுதான் வர்றேன்."

"சரி. நல்லா சாப்புடு" என்றார்.

அந்த இரண்டு நாளும் ஓட்டினேன். மூவரும் கீழே காத்திருக்கத்தான் செய்தார்கள், ஆனால் எனக்கும் கொஞ்சம் ரொட்டி மீந்தது.

வீட்டுக்கு வந்து பிரிண்ட் போட்ட போட்டோக்களை மேஜையில் பரப்பினேன். பாதிக்கு மேல் மாடுகள். கணவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே சாலை எழும்பிப் போகிற ஒரு படத்தில் நிறுத்தினார்.

"இந்த மேட்டையா ஏறின?"

"அது இல்லீங்க. அந்த மேட்ட போட்டோ எடுக்கல."

"ஏன்?"

"ரெண்டு கையும் வேலையா இருந்துச்சு" என்றேன்.

அவர் அந்தப் படத்தை இன்னும் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.