இறால் ஓட்டுச் சாம்பல்

ஆயர் ஈத்தாமில் இருந்த எங்கள் சைவ வீட்டுக்குள் முட்டைகூட நுழைந்ததில்லை. அந்த வீட்டுப் பெண் இறால் பண்ணையில் வேலை பார்த்தால் அம்மாவுக்கு எப்படி இருக்கும்? எண்பதுகளின் கடைசியில், கெமிஸ்ட்ரி படித்த எனக்குக் கிடைத்த வேலை அதுதான். யாராவது விசாரித்தால் அம்மா "ஆபீஸ் வேலை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன திருடவா போகிறேன்?

பட்டர்வொர்த் பக்கம் இருந்த அந்தப் பண்ணையில் ஒரு குளத்து இறாலுக்கு மட்டும் ஓடு ஈரக் காகிதம்போல நசுங்கியது. தீனி சரியில்லை என்றார் மேனேஜர். இல்லை, தண்ணீர் என்றேன் நான். இறால் பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டதும், புது ஓடு இறுகுவதற்குத் தண்ணீரிலிருந்து சுண்ணாம்புச் சத்தை இழுத்துக்கொள்ளும். அடைமழையில் நீர்த்துப்போன குளத்தில் அது எங்கே இருக்கும்? "புரூஃப் கொண்டா" என்றார். அந்த ஓடுகளை உலையில் சுட்டு வெள்ளைச் சாம்பலாக்கி, சின்னப் போத்தலில் அடைத்து, சுண்ணாம்பு எவ்வளவு குறைகிறது என்று அளக்கத் திங்கட்கிழமை டவுன் லேபில் கொடுப்பதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். காலையிலேயே அம்மா சொல்லிவிட்டார்: "இறால்னு வாயத் தொறக்காத. முடிவாயிட்டா வேலைய விட்டுடு."

தேநீரோடு கூடத்துக்கு வருகிறேன், மாப்பிள்ளையின் அம்மா நெற்றியில் பட்டையாக இழுத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் என் போத்தல், காலியாக! வீட்டை ஒதுங்கவைத்த அம்மா, வெள்ளைச் சாம்பலைக் கண்டதும் திருநீறென்று தட்டில் கொட்டியிருக்கிறார். எல்லார் நெற்றியிலும் என் சாம்பிள். அம்மா நெற்றியிலும்தான்.

"ரொம்ப நைசா இருக்குலா. எந்தக் கோயில் திருநீறு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

காலிப் போத்தலையே நான் பார்ப்பதைக் கண்டு, வாயைத் திறக்காதே என்பதுபோல் அம்மா என்னை முறைத்தார். இன்றைக்கு வாயை மூடினால் காலம் முழுக்க மூடவேண்டியதுதான். என்னால் முடியாது.

"கோயில் இல்ல ஆன்ட்டி. இறால் ஓடு. நான்தான் சுட்டேன். பண்ணையிலதான் வேல பாக்கறேன், விடவும் மாட்டேன்."

"ஐயோ, சிவசிவா!" என்று எழுந்தவர்கள் தேநீரைத் தொடவில்லை. அவர்கள் கார் கிளம்பியதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"மானத்த வாங்கிட்டியேடி! நாளைக்கே போயி வேலைய விட்டுட்டு வா!"

தட்டில் மிஞ்சியிருந்த சாம்பலை ஒரு தாளில் தட்டிச் சேர்த்தேன்.

"நாளைக்கு லேபுக்குப் போறேன்மா. இது போதும் எனக்கு. நீங்க மொதல்ல நெத்தியக் கழுவுங்க."