கமிட்டி சம்மதிக்காத நாமாவளி

சில நூற்றாண்டுகளுக்கு முன்பு நம் சமயத்தை வளர்த்தவர்கள் குருக்கள்மார் மட்டுமல்ல, தறி நெய்தவர்களும் கடை வைத்தவர்களும் வீட்டுக் கூடத்தில் கூடிப் பாடியவர்களும்தான் என்று எங்கள் பஜனை மடத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். எங்கள் ஊரான கரமனையில் அதை முழுக்கப் படித்தவர், அச்சகத்தில் பிழை திருத்தியவர் மட்டும்தான் என்பது என் ஊகம்.

என் மனைவி படிக்கவில்லை. அவளுக்கு வேண்டியது வேறு. கல்யாணமாகி வந்ததிலிருந்து பெண்கள் பக்கம் உட்கார்ந்து, ஆண்கள் எடுத்துக் கொடுப்பதைத் திருப்பிப் பாடுகிறாள். இந்த வருஷ ராதா கல்யாண உற்சவத்தில் தான் ஒரே ஒரு நாமாவளியை எடுத்துக் கொடுத்துப் பாட வேண்டும் என்றாள். கட்டுரையாளன் வீட்டிலேயே இருக்க, இது என்ன பெரிய காரியம்?

முதலில் புரோகிதரிடம் போனேன். "எனக்கென்ன ஓய்? பாடட்டுமே. கமிட்டிகிட்டே கேளும்" என்று முடித்துவிட்டார்.

கமிட்டித் தலைவர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாமா. "வழக்கம் இல்லையே" என்றார்.

"வழக்கத்தை உண்டாக்கினது யாராக்கும்? நம்மளை மாதிரி சாதாரண ஆள்கள்தானே, மாமா?"

"அதேதான். நாம உண்டாக்கினது. நாமளே வேண்டாம்னு சொல்றோம். பின்னே என்ன?"

என் கட்டுரையை இவ்வளவு சுருக்கமாக நானே சொன்னதில்லை. சாதாரண மக்கள் என்று எழுதியபோது என் மனத்தில் இருந்தவர்கள் தறிக்காரர்கள். இந்த மாமா இல்லை.

ராதா கல்யாணத்தன்று தலைவரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், மேற்கோள்களோடு மறுபடி ஆரம்பித்தேன். உள்ளே முன்னின்று பாடிய பாகவதர், சுக்கு போட்ட வெந்நீரான சுக்குவெள்ளம் குடிக்கப் பாட்டை நிறுத்தினார். அந்த இடைவெளியில் ஒரு பெண் குரல் எழுந்தது. எனக்குப் பழக்கமான குரல். வழக்கமாகச் சமையலறையிலிருந்து கேஸ் தீர்ந்துபோனதைச் சொல்வது.

யார் எடுத்தாலும், எடுத்த நாமாவளியைத் திருப்பிப் பாடாமல் விடுவது எங்கள் மடத்தில் கிடையாது. பெண்கள் பாடினார்கள். ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே பாடினார்கள். தலைவரும் கை தட்டிப் பாடத் தொடங்கினார். நான் மட்டும் மேற்கோளை விடவில்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே அவர் என் பக்கம் சாய்ந்து, "இதுக்கு சம்மதம்னு அர்த்தம் இல்லை, கேட்டேளா. அடுத்த மீட்டிங்ல பார்க்கலாம்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவி கேட்டாள்: "ஏன்னா, வாசல்ல அவ்வளவு நேரம் பேசிண்டிருந்தேளே, மாமா என்ன சொன்னார்?"

"அடுத்த மீட்டிங்ல ஆலோசிக்கலாமாம்."

"அது கிடக்கட்டும். நான் பாடினது எப்படி இருந்தது?"

பாட்டு முடியும்வரை நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.