மலைச்சாளையின் வடக்குக் கூரை

அப்பாவுக்கும் என் தாய்மாமனுக்கும் பேச்சு நின்றுபோனதற்கு என் காதுதான் காரணம். எனக்குக் காது குத்திய அன்று பார்த்து மலையில் மழை பிடித்துக்கொண்டது. மலைக்கு அந்தப்புறத்து ஊரிலிருந்து வரவேண்டிய மாமன் காட்டாற்றங்கரையில் மாட்டிக்கொண்டார். முகூர்த்தம் தப்பக்கூடாதென்று அப்பா ஒன்றுவிட்ட மாமன் ஒருவர் மடியில் என்னை உட்காரவைத்துக் காரியத்தை முடித்துவிட்டார். சொட்டச்சொட்ட நனைந்து வந்து சேர்ந்த மாமன் என் காதைப் பார்த்தார். சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். கூடப்பிறந்தவன் மடி இருக்க இன்னொருத்தன் மடியா! அதற்குப் பிறகு அவர் அம்மாவைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் பிறந்தவீடு போகிற வழக்கம் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இல்லை.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்கு வடக்கே, மலையடிவாரம். கோடையில் மாடுகளை மேலே ஓட்டிப் பட்டி போடுவோம். அந்தப்புறத்துக்காரர்களும் அப்படியே. பூட்டன் காலத்தில் இரண்டு குடும்பமும் புல்லுக்கு அடித்துக்கொண்டு, அடித்துச் சலித்து, கடைசியில் மலை உச்சியில் சேர்ந்து ஒரு சாளை கட்டினார்களாம். கல்சுவர், புல்கூரை. தெற்குச் சாய்ப்பு எங்களுக்கு, வடக்குச் சாய்ப்பு அவர்களுக்கு. அவரவர் கூரையை அவரவர் வேயவேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். அம்மாவும் கல்யாணமாகி வரும்போது அங்கே தங்கித்தான் இறங்கினாளாம். என் காதுச் சண்டைக்குப் பின் அதை யாரும் தொடவில்லை. கறையான் தின்றதுபோகக் கல்சுவர் மட்டும் நின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு வருஷம் மழை பொய்த்தது. கீழே புல்லில்லாமல் மாடுகள் எலும்பும் தோலுமாகிவிட்டன. சாளையைத் திரும்ப நிறுத்தினால்தான் ஆச்சு என்று அப்பா கிளம்பினார். வேலையாட்களுக்குச் சமைக்க ஆள் வேண்டாமா என்று சொல்லிக்கொண்டு அம்மாவும் கிளம்பினாள். அவளுக்கு வந்த சுறுசுறுப்பைப் பார்க்கவேண்டும்! நானும் தொற்றிக்கொண்டேன்.

சரிந்த கல்லை எடுத்துக் கட்டி, மூங்கில் கட்டி, தெற்குச் சாய்ப்பை அழகாக வேய்ந்தார் அப்பா. அதோடு கையை உதறிவிட்டு ஏணியை விட்டு இறங்கிவிட்டார்.

"அந்தப் பக்கம் ஆகாசமாக் கெடக்குதேங்க?" என்றாள் அம்மா.

"அது உங்கண்ணன் ஊட்டுக் கூரை. அடுத்தவங்க கூரையில நான் எப்படிக் கை வெக்கறது?"

மழைக்காலம் வந்தால் பாதிக்கூரை என்னத்துக்காகும்! எங்கள் மாடு மேய்க்கிற மாட்டுக்காரரிடம் அம்மா என்ன சொல்லியனுப்பினாளோ, மறுநாள் காலையில் மாமன் ஆட்களோடும் புல்கட்டுகளோடும் மேலே ஏறி வந்தார். அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஏணியில் ஏறினார்.

வடக்குச் சாய்ப்பு முடிந்ததும் சிக்கல் வந்தது. முகட்டைத் தனியாகக் கட்டமுடியாது. ஒருவர் இந்தப் பக்கமிருந்து கயிறு கொடுக்க, ஒருவர் அந்தப் பக்கமிருந்து வாங்கி இழுக்கவேண்டும். வேறு வழியில்லாமல் அப்பாவும் ஏறினார். இரண்டு பேர் முகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. ஆனால் பேச்செல்லாம் கீழே நின்ற என் வழியாகத்தான்.

"கண்ணு, கயித்தைக் கொஞ்சம் இழுத்துப் புடிக்கோணுமுங்கன்னு உங்கப்பாகிட்டச் சொல்லு."

"புடிச்சுட்டுத்தான் இருக்கறனுங்கன்னு சொல்லு அம்மணி."

சண்டையில்கூட 'ங்க' போடாமல் இருக்க அவர்களுக்குத் தெரியவில்லை. நான் பாவம், இரண்டு பக்கமும் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுப்பை விட்டு எழுந்து, அண்ணாந்து, இரண்டு பேர் வாயையும் மாறிமாறிப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரு வார்த்தை. "ஊட்டுக்கு வா" என்று அண்ணன் சொல்லவேண்டும். ஆனால் அனுப்புவார்களா என்று தெரியாமல் மாமன் கூப்பிடமாட்டார். கூப்பிடாமல் அப்பா அனுப்பமாட்டார். மரியாதைக்கு மரியாதை, வீம்புக்கு வீம்பு!

முகடு கட்டி முடிந்தது. மாமன் தன் கூரைக்குக் கீழே உட்கார்ந்து அம்மா போட்ட சோற்றைத் தின்றார். இரண்டாந்தரம் கேட்டு வாங்கியும் தின்றார். கை கழுவினார். என் காதுக் கம்மலை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். தூணைப் பார்த்து, "வாரனுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அம்மா வடக்கு ஓரத்தில் நின்று அவர் தலைத்துண்டு மரங்களுக்குள் மறைகிறவரை பார்த்தாள். அதற்கும் கீழே, வெகு தூரத்தில், அவள் ஊர்க் குளம் தெரிந்தது. சமையல் சாமானுக்கு நடுவே அவள் கொண்டுவந்திருந்த மூட்டையை நான் அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே அவளுடைய நல்ல சேலையும் என் புதுப் பாவாடையும் இருந்தன. சமைக்க வந்தவளுக்கு இது எதற்கு என்று கேட்டேன். அவள் மூட்டையைத் திரும்பக் கட்டினாள்.

பிறகு ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எங்கள் பக்கம் காய்ந்து சுத்தமாகக் கிடந்தது. அதை விட்டுவிட்டு வடக்குப் பக்கம், துரும்பு இன்னும் உதிர்ந்துகொண்டிருந்த இடத்தில் விரித்துப் படுத்தாள்.

"அம்மா, இந்தப் பக்கம் வா."

"இங்கதான் கண்ணு நல்லா இருக்குது."

படுத்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கூப்பிட்டேன், அசையவில்லை. ஆட்கள் சாமானைக் கட்டிவிட்டார்கள், மாட்டுக்காரர் நேரமாகிறது என்றார். அப்பா வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். "தூங்கட்டும், உடு" என்று சொல்லிவிட்டு, வெளியே ஒரு கல்லின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

பகல் வெளிச்சத்தில் அம்மா படுத்து நான் பார்த்ததேயில்லை. பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. பின்னே ஏன் இந்தத் தூக்கம் என்று எனக்கு விளங்கவேயில்லை. எனக்குக் கல்யாணமாகி, முதல்தடவை நான் பிறந்தவீடு வந்து, மத்தியானம் தலையைச் சாய்த்து, யாரும் எழுப்பாமல் தூங்கி எழுந்த அன்றைக்குத்தான் விளங்கியது.