ஆட்டோ திரும்பிய இடம்

செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் சாலையை விட்டு உள்ளே போனால், பாறைக் குன்றின் அடியில் ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே காற்றாலையும் சோலாரும் சேர்ந்த மின்பூங்கா ஒன்று வரப்போவதை மக்களுக்கு விளக்க, அதை அமைக்கும் தனியார் நிறுவனம் கூட்டம் போட்டது. பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் செஞ்சியில் இருக்கிறேன். அழைக்காத கூட்டத்துக்குப் போகும் பழக்கம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

சமுதாயக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. சென்னையிலிருந்து வந்த இளம் அதிகாரி திரையில் படம் காட்டினார். குன்றுக்கும் ஏரிக்கும் நடுவில் பல வருடமாகப் பயிர் வைக்காத நிலங்களை உரிமையாளர்கள் குத்தகைக்குக் கொடுத்திருந்தார்கள். அவற்றைச் சுற்றிக் கம்பிவேலி வரும். வேலி போகும் தடத்தில் மாற்றம் வேண்டுமானால் இப்போதே சொல்லுங்கள், கம்பம் நட்ட பிறகு முடியாது என்றார். அதையே இன்னொரு தடவையும் சொன்னார். வேலியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. காத்தாடி சுற்றினால் மழை மேகம் கலைந்துவிடுமா என்று ஒருவர் கேட்டார். ஊருக்கு கரண்ட் சும்மா கிடைக்குமா என்று இன்னொருவர் கேட்டதும் கூடம் சிரித்தது, அதிகாரியும் சிரித்தார். ஆட்சேபணை எதுவும் இல்லை என்று கூட்டத்தை முடித்தார்கள். கேசரி வந்தது.

காலனியிலிருந்து ஒருவர்கூட வரவில்லை. இதை அதிகாரியிடம் சொன்னேன். அவர் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருத்தெருவாகப் போய்க்கொண்டிருந்தது. ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது என்றார். பொய் சொல்லவில்லை, அவர் அப்படித்தான் நம்பினார்.

காலனி ஏரி வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அங்கே யாருக்கும் சொந்த நிலம் கிடையாது. முதல் வீட்டின் வாசலில் ஒரு பெண் ஆடுகளுக்கு வேப்பந்தழை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மகள் விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள். விடுதிக்குப் பணம் கட்ட வேண்டி வரும்போதெல்லாம் அவலூர்பேட்டைச் சந்தையில் ஆடு விற்பதாகச் சொன்னார். ஆடுகள் மேய்வது வேலி வரப்போகும் அந்தத் தரிசில். தண்ணீருக்கு ஏரிக்கு இறங்குவதும் அதன் நடுவே போகும் தடத்தில்தான்.

கூட்டம் நடந்ததே அவருக்குத் தெரியாது. நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். வேலியா, எவ்வளவு உயரம் என்றார். பிறகு கேட்டது ஒன்றுதான்.

"ஏரிக்குப் போற தடத்த வுடுவாங்களா சார்?"

ஒரு கதவு வைத்தால் முடிகிற விஷயம். கேட்க வேண்டிய இடத்தில் கேட்டிருந்தால் வைத்திருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆட்டோ வந்ததே, காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

"அது மாரியம்மன் கோயிலாண்ட திரும்பிடும். அந்தக் காலத்துல தண்டோரா போட்டது எங்க நைனாதான். ஊருக்குச் சொல்றதுக்கு முன்னாடி எங்களுக்குத் தெரிஞ்சிடும். காலனிக்குன்னு வந்து தனியா இன்னாத்துக்கு அடிக்கணும்?" தழைக்கட்டை உதறினார். "ஆட்டுக்குப் பட்டா இருந்தா கூப்ட்டிருப்பாங்க."

செஞ்சி பேருந்து நிலையத்தில் அந்த ஆட்டோவின் ஓட்டுநரைப் பிடித்தேன். ஊர்ப் பெரியவர்கள் சொன்ன வழியில் போனதாகச் சொன்னார். தண்டோரா போன அதே தெருக்கள்தான், அதில் என்ன தப்பு என்று கேட்டார். தண்டோரா நின்று எத்தனையோ காலமாகிவிட்டது. பறை போய் ஒலிபெருக்கி வந்தது. வழி மட்டும் மாறவில்லை. காலனிக்குச் சேதி தானாகத் தெரிந்துவிடும் என்ற நினைப்பும் மாறவில்லை.

அதிகாரிக்குப் போன் செய்தேன். தடம் பற்றிக் குறித்துக்கொண்டதாகச் சொன்னார். அந்தப் பெண்ணும் அக்கம்பக்கத்தாரும் கையெழுத்திட்டு மனு அனுப்பினார்கள். பரிசீலனையில் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி போன் செய்தபோது வேலி வேலை வேறொருவர் பொறுப்பு என்றார். அந்த வேறொருவர், கூட்டத்தில் யாரும் கேட்கவில்லையே என்றார். யாரைக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டேன். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது என்றார். அதே வீடியோவை எனக்கு அனுப்பியும் வைத்தார். இதற்குள் கம்பங்கள் ஏரிக்கரை வரை நட்டாகிவிட்டன.

கம்பி கட்டி முடித்த பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். கோயில் பக்கம் ஒலிபெருக்கி கேட்டது. வழக்கமாகத் தேய்ந்து மறையும் சத்தம் அன்று நெருங்கி வந்தது. அதே ஆட்டோ கோயிலைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, காலனிக்குள் நுழைந்தது. மின்பூங்கா இடத்துக்குள் ஆடு மாடு ஓட்டக் கூடாது, மீறினால் போலீசில் புகார் கொடுக்கப்படும் என்று அறிவித்தது. ஒவ்வொரு சந்திலும் நின்று நிதானமாகச் சொன்னது.

அந்தப் பெண் ஆட்டோவுக்குக் குறுக்கே போய் நின்றார்.

"இப்ப மட்டும் வழி தெரிஞ்சிதாடா தம்பி?"

ஓட்டுநர் ஒலிபெருக்கியை நிறுத்தினார். "வீடு வுடாம சொல்லச் சொன்னாங்கக்கா" என்றார். அந்தப் பெண் விலகி வழிவிட்டார். ஆட்டோ அடுத்த சந்துக்குப் போனது.

அன்று சாயங்காலம் ஆடுகள் தார்ச்சாலை வழியாகச் சுற்றிக்கொண்டு ஏரிக்குப் போயின. லாரி வரும்போதெல்லாம் அவர் கழியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு சாலையில் நின்றார்.