நண்டு வளையும் நாற்பது நிமிஷமும்

மங்களாம்பிகைக்கு ஒரு நாளைக்கு நாற்பது நிமிஷம் மிச்சம். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு என்ன பெருமை என்கிறீர்கள்!

ஒரத்தநாட்டுப் பக்கத்து ஊர் அவளுக்கு. வீட்டிலிருந்து வயலுக்கு இருபது நிமிஷ நடை. விடிகாலையில் மும்முனை கரண்ட் வந்ததும் ஓடிப்போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, ஓடிவந்து பள்ளிக்கூடத்தில் சத்துணவுக்கு உலை வைக்கவேண்டும். புருஷன் போன பிறகு பத்து வருஷமாக இதே ஓட்டம்.

ஆடிப்பெருக்குக்கு கோயம்புத்தூரிலிருந்து வந்த மகன் செழியன், மோட்டார் கொட்டகையில் சிம் கார்டு போட்ட ஒரு பெட்டியை மாட்டினான். செல்போனில் ஒன்றை அமுக்கினால் மோட்டார் ஓடும், இரண்டை அமுக்கினால் நிற்கும்.

"இனிமே நிம்மதியா தூங்கும்மா" என்றான்.

தூங்கினாளா? தூங்குகிற ஆளா அவள்! நாற்பது நிமிஷம் சும்மா கிடக்கிறதே என்று பள்ளிக்கூடத்துக் காலைச் சிற்றுண்டி சமையலுக்கும் தலையாட்டிவிட்டாள். இப்போது ஐந்தரைக்கெல்லாம் அடுப்படியில் நிற்கவேண்டும். உப்புமா கிண்டும்போதே போன் அடிக்கும். "மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்று ஒரு பொம்பளைக் குரல் சொல்லும். சரி தாயே, ஓடட்டும் என்பாள் இவள்.

மோட்டார் போட மட்டுமா அவள் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தாள்? வரப்பில் நண்டு வளை கண்ணில் பட்டால் சேற்றை அள்ளிப் போட்டு, குதிகாலால் மிதித்து அடைத்துவிட்டு வருவாள்; விட்டால் அது வழியாகத் தண்ணீரெல்லாம் பள்ளத்து வயலுக்கு இறங்கிவிடும். அதை ஒரு வேலை என்று அவள் நினைத்ததே இல்லை. அடுத்த பள்ளத்து வயல்காரி காளியம்மாளும் அப்படித்தான். யார் வரப்பானாலும், கண்டவர் அடைப்பது இருபது வருஷப் பழக்கம்.

புரட்டாசியில் காளியம்மாளின் குறுவை முற்றிவிட்டது. தண்ணீரை வடித்துவிட்டு, அறுப்பு மெஷினுக்குச் சொல்லிவிட்டு, நாலு நாளாக வயல் பக்கமே அவள் வரவில்லை. பிந்தி நட்ட மங்களாம்பிகையின் பயிருக்கு மோட்டார் மட்டும் தினமும் ஓடியது. வரப்பில் நண்டு வளை விழுந்திருந்தது. அதைப் பார்க்க ஆளில்லை.

மெஷின் வந்த அன்று காளியம்மாளின் வயலில் கணுக்கால் அளவு தண்ணீர்.

"இதுல இறக்குனா வண்டி புதைஞ்சுடும்மா. இனிமே வர பத்து நாளாகும்" என்று சொல்லிவிட்டு டிரைவர் அடுத்த ஊருக்குப் போய்விட்டான். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு மழை பிடித்தால் கதிரெல்லாம் சாய்ந்து முளைவிட்டுவிடும். காளியம்மாளுக்கு இருப்பதே அந்த ஒரு வயல்தான்.

சேதி கேட்டு மங்களாம்பிகை அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

"அக்கா, என்னாலதான்க்கா. ரெண்டு திட்டாவது திட்டுங்க."

"திட்டுனா தண்ணி வடிஞ்சுடுமா? அருவா கொண்டாந்திருக்கியா?"

மோட்டாரை நிறுத்தினாள். இரண்டு சமையலுக்கும் லீவு சொன்னாள். ஆறு பொம்பளைகளோடு சேற்றில் இறங்கி நாலு நாள் கையால் அறுத்தாள். இடுப்பு விட்டுப்போயிற்று. மழைக்கு முன்னால் நெல் களத்துக்கு வந்துவிட்டது, நல்லவேளை.

ஐந்தாம் நாள் விடிகாலையில், மோட்டாரைத் திரும்பப் போடுமுன் வளையை அடைக்கவேண்டும் என்று மண்வெட்டியோடு போனாள். காளியம்மாள் அங்கே முழங்கால் சேற்றோடு நின்றுகொண்டிருந்தாள்.

"உன் பக்கத்தையும் அடைச்சுட்டேன் மங்களம். ஓடு ஓடு, உனக்கு நேரமாச்சு."

குத்திக்காட்டிச் சொல்லியிருந்தாலாவது தேவலை. அவள் நிஜமாகவே சொன்னாள்.