நான் அனுப்பிய பதினோரு விநாடி வீடியோ

போன வருஷம் சித்திரைக் கடைசியில், திண்டிவனம் பக்கத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நடந்தது இது. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். அப்பா இறந்த பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக அங்கே நடையாய் நடந்துகொண்டிருந்தேன். நாலாவது தடவை போனபோது, வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் புரோக்கர், “இன்னாக்கா, வெயில்ல இப்பிடி அலைஞ்சிக்கினு கெடக்கறீங்க? செய்ய வேண்டியதச் செஞ்சா ஜல்தியா முடிஞ்சிடும். பணம் உள்ள இருக்கறவங்க வரைக்கும் போவணும் இல்ல” என்றான். எனக்கு எப்போதுமே மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

அந்தக் கோபத்தோடுதான் உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் மனு யாரிடம் கிடக்கிறதோ அந்த எழுத்தர் எதிரே இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒரு பெரியவர் அவரிடம் போய், மஞ்சள் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். எழுத்தர் இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, அதை வாங்கி டிராயருக்குள் வைத்தார். நான் அதற்குள் போனைத் தூக்கிவிட்டேன். மொத்தம் பதினோரு விநாடி. மாட்டினாயா என்று மனசுக்குள் ஒரே குதி.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிற ஒரு சின்னக் குழுவில் நானும் உண்டு. வீடியோவைக் குழுவில் போட்டேன். அங்கிருந்து ஓர் உள்ளூர் சேனல் நிருபருக்குப் போனது. லஞ்ச ஒழிப்புத் துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர்கள் விசாரித்து, சோதித்துப் பார்த்துத்தான் கை வைப்பார்கள். அவ்வளவு பொறுமை எனக்கு ஏது? சாயங்காலமே சேனலில் வந்துவிட்டது. மறுநாள் மதியம் அந்த எழுத்தரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். குழுவில் எனக்கு ஒரே பாராட்டு. சும்மா சொல்லக் கூடாது, எனக்கும் தலைகால் புரியவில்லை.

அன்று மாலை என் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்தவள் நிமிர்ந்தாள். “அண்ணி, கவர் மேல ஒரு ரூபா காசு ஒட்டியிருக்குதே. மொய் கவரு மாதிரியில்ல கீது?”

பிடுங்கிப் பார்த்தேன். கவரின் மூலையில் வட்டமாக, பளபளவென்று ஒரு ரூபாய். லஞ்சம் கொடுக்கிற கவரில் எவன் காசு ஒட்டுவான்? அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊரை ஏமாற்றுவதற்காகவே ஒட்டியிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று சாமியைக்கூட வேண்டிக்கொண்டேன். ஒரு மனிதர் லஞ்சம் வாங்கியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டவள் நான்!

மறுநாள் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் பெரியவரைப் பற்றி விசாரித்தேன். வல்லம் பக்கம் என்று சொல்லி, ஊர்ப் பெயரும் சொன்னார்கள். பஸ் பிடித்துப் போனேன். வாசலில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, காயப் போட்டுக்கொண்டிருந்தார். நான்தான் வீடியோ எடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கவர் எதற்கு என்று மட்டும் கேட்டேன்.

“அவரு பொண்ணு கல்யாணத்துக்கு மொய்ம்மா. எம் பையன் கல்யாணத்துல அவரு வந்து செஞ்சாரு, நான் திருப்பிச் செய்ய வேணாமா? கல்யாணத்தன்னிக்குதான் எனக்குக் கண்ணு ஆபரேஷன் வெச்சிருக்காங்க. அதான் முன்னாடியே குடுத்துட்டு வந்தேன். ஆபீஸ்ல வேணாம், வூட்ல குடுங்கன்னாரு. நான்தான் கேக்கல. எந்தப் பாவி படம் புடிச்சுதோ, ஒரு நல்ல மனுசன் தலகுனிஞ்சிக்கினு நிக்கறாரு.”

கல்யாணத்துக்கு இன்னும் எட்டே நாள். மாப்பிள்ளை வீட்டார் வீடியோவைப் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். அந்தப் பாவி நான்தான் என்று சொன்னேன். பெரியவர் மல்லாட்டையைக் கிளறிவிட்டுக்கொண்டே இருந்தார்.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே நிருபருக்குப் போன் போட்டேன். “விடுங்க மேடம். இப்ப மாத்திப் பேசினா பேஜாராயிடும். நீங்களே காசு வாங்கிட்டீங்கன்னுவாங்க” என்றார். குழுவில் எழுதினேன். இதை ஒப்புக்கொண்டால் இனி நம் புகார் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்றார்கள் சிலர். நேற்றுவரை என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒருவர், ‘எவ்வளவுக்குப் படிஞ்சுது?’ என்று ஒரே வரி போட்டார். ஒரு பைசா வாங்காதவளைப் பார்த்து இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு விழுப்புரத்தில் விசாரணை நடந்தது. யாரும் கூப்பிடாமலே, பெரியவரிடம் மறுபடி போய்க் கெஞ்சி, அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். வழி முழுக்கப் படபடப்பு. பொய்ப் புகார் என்று என்மேலேயே கேஸ் போட்டுவிட்டால்? இதைக் காரணம் காட்டி என் மனுவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டால்? விக்கிரவாண்டி தாண்டும்போது, இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். பெரியவர் பக்கத்தில் இல்லாவிட்டால் இறங்கியிருப்பேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உங்கள யாராவது மெரட்டினாங்களா? இல்ல, காசு குடுத்தாங்களா?” என்று இரண்டு தடவை கேட்டார். இல்லை என்றேன். பார்த்ததையும், விசாரிக்காமல் அனுப்பியதையும் எழுதிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். ஆபீசில் வைத்துக் கவர் வாங்கியதும் தவறுதான் என்று அவர் குறித்துக்கொண்டார். வாசலில் அந்த எழுத்தர் நின்றுகொண்டிருந்தார். அருகில் போய், “மன்னிச்சிடுங்க சார்” என்றேன். அவர் என்னைத் தாண்டி பெரியவரிடம் போய், “கண்ணு ஆபரேஷனுக்குத் துணைக்கு ஆளு இருக்குதாங்க?” என்று கேட்டார்.

கல்யாணம் நடந்தது, ஆனால் பாதிக் கூட்டம்தான் என்று கேள்விப்பட்டேன். வேலையைத் திரும்பக் கொடுக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சேனலில் திருத்தம் என்று ஒரு வரிகூட வரவில்லை. வீடியோ மட்டும் இன்னும் யார் யார் போனிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் புரோக்கர்மேல், தேதி நேரம் எல்லாம் குறித்து முறையாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். விசாரணை இழுத்துக்கொண்டிருக்கிறது. மரத்தடியில் இப்போது அவன் இல்லை.

சான்றிதழ் தயார் என்று தகவல் வந்து போனபோது, அதே எழுத்தர்தான் இருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா ரேஷன் கார்டு நகலை அவரிடம் நீட்டினார். சட்டென்று இரண்டு கைகளையும் மடிக்கு இழுத்துக்கொண்டு, “டேபிள் மேல வையிங்கம்மா” என்றார். என்னிடமும் அதையேதான் சொன்னார். இப்போதெல்லாம் அவர் யார் கையிலிருந்தும் எதையும் வாங்குவதில்லையாம்.

தப்பைக் கண்டால் பேசாமல் இருக்க இன்றைக்கும் எனக்கு வராது. ஆனால் போனை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் பின்னுக்குப் போன அந்த இரண்டு கைகள் கண்முன் வந்து நிற்கின்றன, முதலில் விசாரி என்கின்றன.